கம்பத்தின் மேல் ஒரு கண்



இன்று காலை நீங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்டுக் கடைத்தெரு வரை சென்று திரும்பியிருப்பீர்கள். அவ்வழியில் எத்தனை கேமராக்கள் உங்களைப் பார்த்தன என்று எண்ணியதுண்டா? என் வீட்டிலிருந்து பள்ளிவாசல் ஐந்து நிமிட நடைதான். அதற்குள் நகைக்கடை ஒன்று, மருந்துக்கடை ஒன்று, ஏ.டி.எம். ஒன்று, காவல்துறை நட்ட கம்பம் ஒன்று, வெளிநாட்டில் வாழ்வோரின் வீட்டு வாயில்கள் மூன்று, முடிவில் பள்ளிவாசலின் தலைவாசல் என எட்டு இடங்களில் அவை பொருத்தப்பட்டுள்ளன. ஃபஜ்ருக்கு வருபவர் யார், வராதவர் யார் என்பது எங்கள் மோதினாரைக் காட்டிலும் அவற்றுக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர் பலரும் கூறும் மறுமொழி ஒன்றுண்டு. "தவறு செய்யாதவன் ஏன் அஞ்ச வேண்டும்?" என்பர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆயினும் சற்றே சிந்தித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவரைத் தெருமுனையில் நிறுத்தி இன்னும் ஒரு மாதத் தவணை கேட்கும் குடும்பத் தலைவர் தவறு செய்யவில்லை. காசநோய் மாத்திரை வாங்க, அக்கம்பக்கம் அறியாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லும் இளம்பெண் தவறு செய்யவில்லை. அடகுக்கடைப் படியேறும் விதவைத் தாயும் தவறு செய்யவில்லை. இவர்கள் யாவரும் தெருவில் நடப்பவர்களே. தெருவில் நடக்கிறார்கள் என்பதற்காகத் தம் வாழ்வை ஊருக்கு விரித்துக் காட்ட இசைந்தவர்கள் அல்லர்.

சென்ற ஆண்டு மதரஸாவில், பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி கோருவது பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தினுள் ஒருவர் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்த நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. அவ்வேளையில் பெருமானார் அவர்களின் கரத்தில் தலை கோதும் சீப்பு ஒன்று இருந்தது. அவர் பார்ப்பது தெரிந்திருந்தால் அதனாலேயே அக்கண்ணைக் குத்தியிருப்பேன் என்னும் கருத்துப்படக் கடிந்துரைத்தார்கள். அனுமதி கோரும் ஒழுங்கு பார்வையின் பொருட்டே விதிக்கப்பட்டது என்பதும் அதே அறிவிப்பிலிருந்து விளங்குகிறது. பாடம் முடிந்ததும் மாணவன் ஒருவன் எழுந்தான். "ஹஸ்ரத், இது வீட்டுக்குள் பார்ப்பதைப் பற்றியதுதானே? தெரு எல்லாருக்கும் பொதுவாயிற்றே, அங்கே பார்ப்பதில் என்ன தடை?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. நீதிமன்றங்களில் கற்றறிந்த வழக்கறிஞர்கள் எழுப்பும் கேள்வியும் இதுவேயாகும். தெருவின் உரிமை பற்றிய நபிமொழியை அவனுக்கு நினைவூட்டினேன். தெருவோரங்களில் அமர்வதைத் தவிர்க்குமாறு கூறப்பட்டபோது, அமர்ந்து பேச வேறிடம் இல்லையே எனத் தோழர்கள் முறையிட்டனர். அங்ஙனமாயின் தெருவுக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள் நபியவர்கள். அவ்வுரிமை யாது என வினவப்பட்டபோது முதலாவதாகச் சொல்லப்பட்டது பார்வையைத் தாழ்த்துதல். பிறருக்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியன அதற்குப் பின்னரே வருகின்றன. தெரு பொதுவிடம் என்பதால் நடப்பவரின் கண்ணியம் பொதுச்சொத்தாகிவிடவில்லை என்று விளக்கினேன். "அப்படியானால் கேமரா எப்படிப் பார்வையைத் தாழ்த்தும் ஹஸ்ரத்?" என்று பின்வரிசையிலிருந்து இன்னொருவன் கேட்க, வகுப்பே சிரித்தது. அவனுக்கு அன்று சொல்ல நேரமின்றிப் போனவற்றையே இங்கு எழுதுகிறேன்.

எங்கள் கடற்கரைப் பகுதி ஊர்களில் வீடுகளுக்கிடையே முடுக்கு எனப்படும் ஒடுங்கிய சந்துகள் உண்டு. காயல்பட்டினம் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலேயே ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குச் சென்றுவர அவை பயன்பட்டன. அவற்றுக்குக் கதவு கிடையாது. பெண்களுக்கு மட்டும் என்று பலகையும் கிடையாது. எனினும் ஆடவர் எவரேனும் அவ்வழியே செல்ல நேர்ந்தால் முனையில் நின்று செருமுவார். உள்ளே பேச்சொலி அடங்கிய பின்னர் தலைகுனிந்து கடப்பார். பொது வழிதான், ஆயினும் அங்கே ஒரு திரை தொங்கியது. நடப்போரின் நல்லொழுக்கமே அத்திரை.

அந்நாளிலும் தெருவுக்குக் கண்கள் இருக்கவே செய்தன. எவர் மகன் சினிமாக் கொட்டகையில் நின்றான் என்பதைத் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் மஃரிபுக்குள் அவன் வாப்பாவிடம் சேர்ப்பித்துவிடுவர். அத்திண்ணைகளை நான் புகழ்ந்துரைக்க வரவில்லை. அவற்றின் வாய்ப்பேச்சால் மணம் தடைப்பட்டு அழுத பெண்களையும் நாம் அறிவோம். ஆனால் அக்கண்களுக்கு ஒரு முகம் இருந்தது. "ஏன் மாமா இப்படிச் சொன்னீர்கள்?" என்று நேரில் சென்று கேட்க முடிந்தது. அவர் கண்டது பத்து நாளில் மங்கும், பத்தாண்டில் மறையும். கேமரா கண்டதோ அப்படியே இருக்கிறது, நாள், மணி, நிமிடம் குறித்து வைக்கப்படுகிறது, தேடி எடுக்கப்படுகிறது, படியெடுத்து எவர்க்கும் அனுப்பப்படுகிறது. ஒருமுறை பார்ப்பது வேறு. ஒருவரின் நடமாட்டத்தை நாள்தோறும் திரட்டி வைத்து, வேண்டும்போது புரட்டுவது வேறு. பின்னதற்கு நம் மார்க்கத்தில் பெயர் உண்டு: தஜஸ்ஸுஸ், துருவி ஆராய்தல். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் அதனை ஐயத்துக்கிடமின்றித் தடுக்கின்றது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைவிடக் குடிமக்களின் பாதுகாப்பில் அக்கறை கொண்ட ஆட்சியாளர் எவர்? ஓரிரவு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் மதீனாவில் ரோந்து சென்றபோது, மூடிய கதவுக்குப் பின்னால் மதுவருந்தும் கூச்சல் கேட்டதாகவும், "என்ன செய்யலாம்?" என்று உமர் (ரலி) வினவியதாகவும், இறைவன் தடுத்த துருவலை நாம் செய்துவிட்டோம் என்று தோழர் சுட்டிக்காட்டவே அப்படியே விட்டுத் திரும்பியதாகவும் அறிவிப்பு உள்ளது. குற்றம் உறுதியாகத் தோன்றிய இடத்திலேயே இத்துணைத் தயக்கம்! மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் அவர்களைக் கெடுத்துவிட நேரும் என்று முஆவியா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் உணர்த்தியதாக அபூதாவூதில் வருவதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஒரு சமுதாயத்தின் மீதே குறிவைத்து இக்கருவிகள் நிறுத்தப்பட்டால் என்னவாகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பர்மிங்ஹாம் நகரில் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் என இரு பகுதிகள் உள்ளன. பாகிஸ்தான், காஷ்மீர் வழிவந்த முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் இடங்கள் அவை. 2010-ஆம் ஆண்டில் அப்பகுதிகளுக்குள் நுழையும் வழிகளிலும் வெளியேறும் வழிகளிலும் கம்பங்கள் முளைத்தன. மொத்தம் 218 கேமராக்கள்; அவற்றுள் 72 வெளியே தெரியாதவாறு மறைத்து வைப்பதற்கானவை. பல, வாகன எண்பலகையைத் தாமாகவே படித்துப் பதிவு செய்பவை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரும் தாயின் வண்டியானாலும், ஜனாஸாவுக்கு வந்த உறவினரின் வண்டியானாலும், பதிவுக்குத் தப்பி உள்ளே வரவும் இயலாது, வெளியே போகவும் இயலாது.

மக்களிடம் சொல்லப்பட்ட காரணம் வாகனத் திருட்டும் சில்லறைக் குற்றங்களும். உண்மையில் பணம் வந்ததோ பயங்கரவாதத் தடுப்புக்கான காவல்துறை நிதியிலிருந்து. சுமார் 30 இலட்சம் பவுன். 2010 ஜூன் மாதத்தில் கார்டியன் நாளேடு இதனை வெளிக்கொணர்ந்தது. அப்பகுதி மக்கள் கொதித்தெழுந்தனர். நகர்மன்ற உறுப்பினர் சல்மா யாகூப் போன்றோர் முன்னின்றனர். முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரும் தோளோடு தோள் நின்றனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. முதலில் கேமராக்கள்மீது பிளாஸ்டிக் பைகள் மாட்டப்பட்டன. காண்பதற்கு விந்தையான காட்சிதான், கண்ணைக் கட்டி நிறுத்தப்பட்ட கம்பங்கள்! தேம்ஸ் வேலி காவல்துறைத் தலைவர் சாரா தோர்ன்டன் நடத்திய விசாரணையின் அறிக்கை அவ்வாண்டு செப்டம்பரில் வெளியாயிற்று. மக்களிடம் ஒளிவுமறைவின்றி நடந்துகொள்ளவில்லை, இது சட்டத்துக்கு உகந்ததா, நெறிக்கு உகந்ததா எனப் போதிய அளவு ஆராயவில்லை, அதனால் மக்களின் நம்பிக்கை பெரிதும் சிதைந்தது எனக் காவல்துறை அதிகாரியே காவல்துறையைக் குறை கூறினார். பர்மிங்ஹாம் பகுதிக் காவல்துறைத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2011-இல் கேமராக்கள் கழற்றி எடுக்கப்பட்டன.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். இச்செய்தியைப் படித்தபோது மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூர்தான் என் நினைவுக்கு வந்தது. வெள்ளையர் ஆட்சி 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, 1911-இல் அதனைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. குற்றம் செய்தவரை விட்டுவிட்டுக் குலத்தையே பதிவேட்டில் ஏற்றிய சட்டம் அது. கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும். அதனை எதிர்த்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு பேர் மாண்டனர். அன்று கைரேகை, பின்னாளில் எண்பலகை. பிறந்த இடத்தை வைத்து ஒருவனைச் சந்தேகிக்கும் வழக்கம் மட்டும் மாறாதிருக்கிறது.

இப்போது முகமே கைரேகையாகிவிட்டது. கூட்டத்தில் நடந்துபோகும் ஒருவரின் முகத்தை அளந்து, காவல்துறையின் பட்டியலிலுள்ள முகங்களோடு ஒப்பிட்டு, "இவர்தான்" என்று சொல்லும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அவை எத்துணை நம்பத்தக்கவை? 2017-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டத்தின்போது அக்கருவியை வைத்துப் பார்த்தனர். 2,470 பேரைப் பட்டியலிலுள்ளோர் என அது சுட்டியது; அவர்களுள் 2,297 பேர் தொடர்பே இல்லாதவர்கள். அதே நகரில் கடைவீதிக்குச் சென்றபோது தம் முகம் அளக்கப்பட்டதை எதிர்த்து எட் பிரிட்ஜஸ் என்பவர் வழக்குத் தொடுத்தார். எவர் முகத்தைப் பட்டியலில் சேர்ப்பது, எவ்விடத்தில் கருவியை நிறுத்துவது என்பதைக் காவலரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது சட்டப்படி செல்லாது என 2020 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2021 மே மாதத்தில் ஹைதராபாத் பழைய நகரில் சமூகச் செயற்பாட்டாளர் எஸ்.க்யூ. மசூத் அவர்களைக் காவலர்கள் தெருவில் நிறுத்தி முகக்கவசத்தை நீக்கச் சொன்னார்கள். கொரோனாக் காலம் அது, அவர் மறுத்துவிட்டார். ஆயினும் படம் எடுத்துக்கொண்டார்கள். எச்சட்டத்தின்படி எடுத்தீர்கள், அப்படம் எங்கே இருக்கிறது, எதற்குப் பயன்படும் என்று அறிவிக்கை அனுப்பிக் கேட்டார். பின்னர் தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். 2022 ஜனவரியில் நீதிமன்றம் அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சாதாரணக் குடிமகன் ஒருவன் தன் முகத்தைப் பற்றிக் கேட்கக்கூடிய மிகச் சாதாரணமான கேள்விகள்தாம் அவை.

கேட்க அவருக்கு உரிமை உண்டா? உண்டு. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். பொதுவிடத்துக்கு வந்துவிட்டதனாலேயே ஒருவர் அவ்வுரிமையை இழப்பதில்லை, அது மனிதரைச் சார்ந்ததேயன்றி இடத்தைச் சார்ந்ததன்று என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. என் மாணவனுக்கு இதையும் சொல்ல வேண்டும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தையும் மத்திய அரசு அச்சட்டத்திலேயே வைத்துக்கொண்டுள்ளது. பூட்டைச் செய்தவரே சாவியையும் வைத்துக்கொண்ட கதை!

திரட்டி வைத்தது பத்திரமாக இருக்குமா என்பது வேறு கவலை. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள இணையதளத்தினுள்ளேயே அயலார் புகுந்த செய்தியை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். காவலரின் பெட்டகத்துக்கே இந்நிலை என்றால் மற்றவற்றைப் பற்றி என்ன சொல்வது?

மற்றவை என்று எங்கோ தொலைவில் தேட வேண்டியதில்லை. எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் இரண்டாண்டுகளுக்கு முன் உண்டியல் இருமுறை உடைக்கப்பட்டது. செருப்புத் திருட்டு வேறு. ஜும்ஆவில் வசூல் செய்து ஆறு கேமராக்கள் பொருத்தினார்கள். அதன்பின் உண்டியல் உடைபடவில்லை, அதனை மறுப்பதற்கில்லை. நினைவு தடுமாறி வீட்டை விட்டு வெளியேறிய பெரியவர் ஒருவர் பேருந்து நிலையம் பக்கம் நடந்து சென்றதைக் கண்டுபிடிக்கவும் அவையே உதவின. அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தபோது நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

ஆனால் ஆறில் ஒன்று பக்கவாசலுக்கு மேலே இருந்தது. பக்கவாசலை ஒட்டிய சிறிய அறைதான் எங்கள் பைத்துல்மால். வியாழக்கிழமை இஷாவுக்குப் பின், கூட்டம் கலைந்த பிறகு, தேவையுடையோர் அவ்வழியே வருவர். பொருளாளர் உறையைக் கையில் கொடுப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. கேமராவின் திரையோ முன்பக்க அலுவலகத்தில், எல்லாரும் தேநீர் அருந்தும் மேசைக்கு எதிரே மாட்டப்பட்டிருந்தது. மூன்று மாதங்களில் வருவோர் தொகை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊரில் வறுமை குறைந்துவிட்டதாகச் சிலர் மகிழ்ந்தார்கள்!

காரணத்தை எனக்குத் தெரிவித்தது எங்கள் நிஸ்வான் மதரஸாவில் ஓதும் ஒரு பெண்பிள்ளை. ஆசிரியை வழியாகச் சொல்லி அனுப்பினாள். தகப்பனார் இல்லாத குடும்பம். அக்காளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் சிறிய தந்தை மாலை வேளைகளில் அவ்வலுவலகத்தில் அமர்பவர். உம்மாவின் முகம் திரையில் விழுந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று அஞ்சி, மூன்று மாதங்களாக உதவி வாங்கப் போகவில்லை. பிள்ளைகள் இரவில் கஞ்சி குடித்துப் படுத்திருக்கிறார்கள். கேளாமல் இருப்பதனால் அறியாதவர்கள் செல்வர் என்று எண்ணும் ஏழைகளைப் பற்றி பகரா அத்தியாயம் பேசுகின்றதல்லவா? அத்தகைய குடும்பத்தின் திரையை விலக்க நமக்கு உரிமை தந்தவர் எவர்?

நிர்வாகக் கூட்டத்தில் குடும்பத்தின் பெயர் சொல்லாமல் இதனை எடுத்துரைத்தேன். "முறையாகப் பெறுவோருக்கு வெட்கம் எதற்கு?" என்றார் ஒருவர். செருப்பு விவகாரத்தை அவருக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று. அதே கேமராவின் காட்சித் துண்டொன்றை எவரோ வாட்ஸ்அப்பில் பரப்பி, ஒரு சிறுவனுக்குத் திருடன் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அவன் தன் செருப்பைப் போன்ற வேறொரு சோடியை மாற்றி அணிந்து சென்றிருந்தான், அவ்வளவே. மறுநாள் அவன் வாப்பா கொண்டுவந்து வைத்துவிட்டார். ஆனால் அந்தத் துண்டைத் திரும்ப அழைக்க முடியவில்லை. நெடுநாள் அவன் மக்தபுக்கு வரவில்லை.

முத்தவல்லி ஹாஜியார் அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, "நமக்குப் பாதுகாக்க வேண்டியது உண்டியல்தானே, ஹஸ்ரத்? அதைப் பார்க்கட்டும்" என்றார். பக்கவாசல் கேமரா உண்டியலை நோக்கித் திருப்பப்பட்டது. திரை அலமாரிக்குள் போயிற்று. சாவி ஹாஜியாரிடமும் செயலாளரிடமும் மட்டுமே. பதினைந்து நாட்களுக்குப் பின் பதிவு தானே அழியுமாறு அமைக்கப்பட்டது. காட்சியை எவரும் கைப்பேசியில் படம்பிடிக்கக் கூடாது, புகார் எழுதித் தந்தாலன்றிப் பழைய பதிவைப் பார்க்கவும் கூடாது எனத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். இங்கே கேமரா இருக்கிறது, இன்னாரிடம் கேட்கலாம் என்று தலைவாசலில் ஒரு பலகையும் வைத்தாயிற்று. பர்மிங்ஹாம் மக்களும் ஹைதராபாத் சகோதரரும் அரசிடம் கேட்டவை ஏறத்தாழ இவையே. அவற்றுக்கு நம் சொந்த வாசலில் விடை வைத்திருக்கிறோமா என்று உங்கள் ஊர் நிர்வாகிகளிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வியாழக்கிழமைகளில் பக்கவாசலில் மீண்டும் காலடியோசை கேட்கிறது. வரத் தயங்குவோருக்குப் பொருளாளரின் மனைவியார் வீட்டுக்கே எடுத்துச் சென்று கொடுக்கிறார்கள்.

எங்கள் தெருவின் முடுக்கு ஒன்று மட்டும் பாக்கியிருக்கிறது. அதன் முனையில் உள்ள வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். வீட்டில் வயதான உம்மா தனியாக இருப்பதால் வாசலில் கேமரா வைத்து, அங்கிருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார். மகனின் கவலை நியாயமானதே. ஆனால் அக்கேமரா உம்மாவின் வாசலோடு முடுக்கு முழுவதையும் பார்க்கிறது. மாலையில் அங்கே கூடிப் பேசும் பெண்கள் இப்போது கூடுவதில்லை. அந்த உம்மாவைப் பார்க்க வருவோரும் குறைந்துவிட்டார்கள். "என் மகன் பார்க்கிறான் என்று எல்லாரும் போய்விட்டார்கள் தம்பி" என்று அவர்களே என்னிடம் சொன்னார்கள். வருகிற ரமலானுக்கு அவர் விடுப்பில் வருகிறாராம். கேமராவைச் சற்றே கீழே சாய்த்தால் போதும், வாசற்படி மட்டும் தெரியும். ஏணியும் திருப்புளியும் என்னிடமே இருக்கின்றன.